பாற்பல்லின் மேல் விழுந்த பழி

தமிழில் 'நகை' என்னும் சொல் பல்லையும் குறிக்கும், சிரிப்பையும் குறிக்கும். 'முறுவல்' என்பதற்கும் இவ்விரு பொருள்களும் உண்டு. ஆனால், நகை முதன்முதல் வாய்க்குள் அரும்பும் நாட்களில் குழந்தை நகைப்பதில்லை, அழுகிறது. வாய்நீர் ஒழுகுகிறது. கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துக் கடிக்கிறது. நள்ளிரவில் விழித்துக்கொண்டு தாயையும் விழிக்க வைக்கிறது.

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூலார் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கட் கணக்கில் பகுத்தனர். ஐந்தாந் திங்களுக்குச் செங்கீரை, ஏழாந் திங்களுக்குத் தால், ஒன்பதாந் திங்களுக்குச் சப்பாணி என்பது அவ்வழக்கு. தால் என்பது நா. நாவை அசைத்துப் பாடி உறங்கவைப்பது தாலாட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதற்பல் தோன்றுவதும் ஆறாம் மாதத்தை ஒட்டியே. ஆகவே, தாலாட்டுக்கு உரியதென்று புலவர்கள் குறித்த பருவமும், பல் முளைக்கும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாகின்றன. இதனைப் புலவர்கள் எண்ணி அமைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. எனினும், உறக்கம் கெடும் பருவமும் உறங்கவைக்கும் பாட்டின் பருவமும் சேர்ந்து வருவது நோக்கத்தக்கது.

பல் முளைக்கும் குழந்தையை அமைதிப்படுத்த உலகம் கையாண்ட வழிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பாட்டும் உண்டு, கத்தியும் உண்டு, நஞ்சும் உண்டு. அதனைக் காண்பதற்குப் பினாங்கு ஏற்ற இடம். 1786-ம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் கொடியை நாட்டிய பின்னர், ஜார்ஜ் டவுனின் நெருங்கிய தெருக்களில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் அக்கம்பக்கமாக வாழ்ந்தனர். ஒவ்வோர் இனமும் தன் குழந்தைகளோடு தன் மருந்தையும் அங்கே கொண்டுவந்தது.

பழி பிறந்த கதை

முதலில் மேனாட்டைக் காண்போம். பல் முளைக்கும் குழந்தைக்கு ஈறு அரிக்கும், காய்ச்சல் வரும், வலிப்பு வரும், வயிறு போகும் என்பது இப்போகிரேத்தசு பெயரால் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் காணப்படும் கருத்து. கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவரான சொரானசு, முயலின் மூளையை ஈற்றில் தடவும் முறையைக் குறிப்பிட்டார். இவையெல்லாம் பெருந்தீங்கு செய்யாத நம்பிக்கைகள். தீங்கு பதினாறாம் நூற்றாண்டில் கத்தி வடிவில் வந்தது.

பிரெஞ்சு அறுவை மருத்துவரான அம்புருவாசு பாரே, பிரபு ஒருவரின் எட்டு மாத மகன் இறந்தபோது காரணம் காண முற்பட்டார். ஈற்றை அறுத்துப் பார்க்க, உள்ளே பற்கள் வெளிவர ஆயத்தமாக இருக்கக் கண்டார். ஈறு தடித்திருந்தமையால் பல் வெளிவர முடியவில்லை, அதனாலேயே குழந்தை இறந்தது, முன்பே ஈற்றைக் கீறியிருந்தால் பிழைத்திருக்கும் என்று முடிவு கட்டினார். எட்டு மாதக் குழந்தை எதனால் இறந்தாலும் அதன் ஈற்றுக்குள் பல் இருக்கத்தானே செய்யும்? இந்த எளிய கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய மருத்துவர்கள் குழந்தைகளின் ஈற்றைக் கத்தியால் கீறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கில மருத்துவரான மார்ஷல் ஹால், தேவையான ஒருமுறை கீறாமல் விடுவதைவிடத் தேவையின்றி நூற்றுத் தொண்ணூற்றொன்பது முறை கீறுவது மேல் என்று கருதினார்.

லண்டன் மாநகரின் பழைய இறப்புப் பட்டியல்களில் 'பல்' என்பது ஒரு தனிக் காரணமாகவே இடம்பெற்றது. 1839-ம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பல் முளைத்ததால் இறந்ததாகப் பதிவானோர் 5,016 பேர். ஐயாயிரம் உயிர்களைப் பறிக்கும் ஆற்றல் அரிசிமணி அளவுள்ள ஒரு பல்லுக்கு உண்டென்று அறிவிற் சிறந்த நாடு ஒன்று நம்பிற்று. அக்குழந்தைகளை உண்மையில் கொன்ற நோய்கள் பல்லின் பின்னே மறைந்து நின்றன.

உரைகல்லும் ஜாதிக்காயும்

தமிழ்நாட்டுத் தாய்மார் கத்தியை எடுக்கவில்லை, உரைகல்லை எடுத்தனர். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றைக் கல்லில் ஒவ்வோர் இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலிலோ தேனிலோ குழைத்து நாவில் தடவுவது உரைமருந்து. குழந்தை மருத்துவத்தைச் சித்த மருத்துவர் 'பாலவாகடம்' என்று தனித்துறையாகவே வகுத்தனர். செரியாமையும் வயிற்றுப் பொருமலும் காய்ச்சலும் கலந்து வரும் குழந்தை நோய்களை 'மாந்தம்' என்று பெயரிட்டுப் பல வகையாகப் பிரித்தனர். வசம்புக்குப் 'பிள்ளை மருந்து' என்றும், இரவில் அதன் பெயரைச் சொல்லலாகாது என்னும் வழக்கத்தால் 'பேர் சொல்லா மருந்து' என்றும் பெயர்கள் உண்டு. வசம்புத் துண்டுகளைக் கோத்துக் கையில் வளையலாகக் கட்டுவர். குழந்தை அதனையே கடித்துக்கொண்டிருக்கும். மரப்பாச்சிப் பொம்மையும் இவ்வாறே பல் முளைக்கும் குழந்தையின் வாய்க்குப் பயன்பட்டது.

இந்த மருந்துப் பெட்டியில் உள்ள ஒரு பொருளுக்கும் பினாங்குக்கும் தனித்தொடர்பு உண்டு. அது ஜாதிக்காய். நெடுங்காலம் அது கீழ்த்திசையில் பண்டாத் தீவுகளின் தனிச்செல்வமாய், டச்சுக்காரரின் கடுங்காவலில் இருந்தது. 1796-ம் ஆண்டில் ஆங்கிலேயர் அத்தீவுகளைக் கைப்பற்றியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர அறிஞரான கிறிஸ்டோபர் ஸ்மித், ஜாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் திரட்டிப் பினாங்குக்கு அனுப்பினார். கம்பெனி அமைத்த தோட்டம் 1805-ல் விற்கப்பட்டது. பின்னர்த் தனியார் தோட்டங்கள் பெருகி, 1860-ஐ ஒட்டிப் பரவிய நோயால் பெரும்பாலும் அழிந்தன. எனினும் மரம் அத்தீவை விட்டுப் போய்விடவில்லை. பாலிக் புலாவ் பகுதியில் இன்றும் ஜாதிக்காய் காய்க்கிறது.

தமிழ்நாட்டில் நாட்டுமருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கிய சரக்கு, குடியேறிய தாய்க்கு இங்கே மரத்திலேயே காய்த்துத் தொங்கிற்று. வசம்பும் மாசிக்காயும் கடல் கடந்து வரவேண்டியிருந்தன. தமிழர் 'கடைத்தெரு' என்று வழங்கிய மார்க்கெட் தெருவில் அவை கிடைத்தன. ஆனால் எந்தக் கப்பலும் கொண்டுவராத ஒன்று இருந்தது. எத்தனை இழைப்பு இழைப்பது, எப்போது நிறுத்துவது, எந்த அழுகை பல்லுக்கு உரியது, எந்த அழுகை நோய்க்கு உரியது என்று பார்த்துச் சொல்லும் பாட்டி பலருக்கு ஊரிலேயே நின்றுவிட்டாள். கடல் கடந்த குடும்பத்துக்கு மருந்து வந்தது; மருந்தின் அளவறிந்த கை வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் புட்டி மருந்துகள் புகுந்தன.

உறக்கம் தந்த நஞ்சு

அழும் குழந்தையை உறங்கவைக்க அபினைப்போல் விரைவான மருந்து வேறில்லை. இங்கிலாந்தின் தொழிலாளர் வீடுகளில் 'காட்பிரே கார்டியல்' என்ற அபின் கலந்த பானகம் பெருவழக்காக இருந்தது. அமெரிக்காவில் 1849-ம் ஆண்டு முதல் விற்பனையான 'திருமதி வின்சுலோவின் அமைதிப் பாகு', பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்றே விளம்பரம் செய்யப்பட்டது. அதில் இருந்தது மார்பின். 1906-ம் ஆண்டின் அமெரிக்க உணவு மருந்துச் சட்டம், இத்தகைய பொருள் கலந்திருப்பதைப் புட்டியின் மேல் எழுதவேண்டும் என்று விதித்தது. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இப்பாகைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்தது. பம்பாயிலும் ஆலை வேலைக்குச் செல்லும் தாய்மார் 'பாலகோலி' என்னும் அபின் உருண்டையைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுச் சென்றனர். இவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் விழித்திருந்த ஒருத்திக்கு, உறங்கும் குழந்தை எவ்வளவு பெரிய வரம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பினாங்கில் அபின் மறைபொருளாக இருக்கவில்லை; அரசாங்கத்தின் வருவாய்க்கே அது தூண். முதலில் குத்தகைக்கு விடப்பட்டிருந்த அபின் வாணிகத்தை, 1910-ல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தன் நேரடி ஏகபோகமாக்கிக்கொண்டது. இதனை எதிர்த்தவர்களுள் முன்னின்றவர் பினாங்கிலேயே 1879-ல் பிறந்த சீன மருத்துவர் ஊ லியன்-தே. கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய அவர், 1904-ல் சூலியா தெருவில் மருத்துவமனை தொடங்கினார். தமிழ் முஸ்லிம்களாகிய சூலியர்களின் பெயர் தாங்கிய தெரு அது. பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்திய அவருடைய மருந்தகத்தில், 1907-ல் சோதனை நடந்தது. ஓர் அவுன்சு அபின் கரைசல் அகப்பட்டதென்று வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தனர். அபின் கரைசல் அக்காலத்து மருந்தகங்களில் வழக்கமாக இருந்த சரக்கு. பெட்டி பெட்டியாக அபினை விற்று வரி பெற்ற ஆட்சி, ஓர் அவுன்சுக்காக ஒரு மருத்துவரைத் தண்டித்தது. அவர் 1908-ல் சீனம் சென்று, மஞ்சூரியாவின் கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றார்.

பொடியும் புட்டியும்

அபினுக்கு அடுத்தது இரசம். 'கலோமல்' எனப்படும் இரசக் கலவையைச் சேர்த்த 'பல் பொடிகள்' ஆங்கிலப் பேரரசின் ஊர்களில் நெடுங்காலம் விற்பனையாயின. இவை பல் துலக்குவதற்கு அல்ல. பல் முளைக்கும் குழந்தையின் வயிற்றைக் கழுவி அமைதிப்படுத்துவதற்கு உட்கொடுக்கப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தைகளிடையே ஒரு விந்தையான நோய் காணப்பட்டது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வலிக்கும்; வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசும்; குழந்தை ஓயாது அழும்; உறங்காது; வாய்நீர் ஒழுகும்; முற்றினால் பற்களே உதிர்ந்துவிடும். 'இளஞ்சிவப்பு நோய்' என்று பெயர் பெற்ற அதன் காரணம் பல்லாண்டுகள் விளங்கவில்லை. அமெரிக்க மருத்துவரான ஜோசப் வார்க்கனியும் அவருடைய துணைவர் அப்பர்டும், நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் இரசம் இருப்பதை 1940-களில் கண்டு வெளியிட்டனர். 1954-ல் இங்கிலாந்தின் உற்பத்தியாளர்கள் பொடியிலிருந்து இரசத்தை நீக்கினர். நோயும் மறைந்தது. உறங்குவதற்காகக் கொடுத்த பொடி உறக்கத்தைக் கெடுத்தது. பல் முளைப்பதற்காகக் கொடுத்த பொடி பல்லை உதிர்த்தது. பல் மேல் பழி சுமத்தியதன் விலை அது.

தமிழர் வீடுகளில் நிலைத்துவிட்ட கிரைப் வாட்டரின் கதை இவ்வளவு கொடியதன்று. நாட்டிங்காம் நகரின் மருந்தாளரான வில்லியம் உட்வர்ட் அதனை 1851-ல் ஆக்கினார். சதுப்புநிலக் காய்ச்சல், அதாவது மலேரியா, கண்ட குழந்தைகளுக்குத் தரப்பட்ட மருந்தே அதற்கு அடிப்படை. சோடா உப்பும் சதகுப்பைத் தைலமும் சருக்கரையும் கலந்த நீரோடு நூற்றுக்கு மூன்றரைப் பங்குக்குச் சற்று மிகுதியாகச் சாராயமும் அதில் இருந்தது. வயிற்றுப் பொருமலுக்கும் பல் முளைக்கும் துன்பத்துக்கும் அது ஒருங்கே விற்கப்பட்டது. சாராயம் இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குழந்தை உறங்கியதற்கு மருந்து காரணமா, மது காரணமா, இனிப்பு காரணமா என்பது விளங்காமலே போயிற்று.

மறைந்து நின்ற கொலைஞர்கள்

குழந்தைகள் உண்மையில் எதனால் இறந்தன? நீரிணைக் குடியேற்றங்களின் இறப்புப் பதிவுகளில், குழந்தைச் சாவுகளுக்கு எதிரே 'வலிப்பு' என்ற சொல் மிகுதியாகக் காணப்பட்டது. மருத்துவர் பார்க்காத சாவுகளே பல. உறவினர் சொன்னதை அலுவலர் எழுதிக்கொண்டனர். வலிப்பு நோயன்று, நோயின் குறி. அதன் பின்னே மலேரியாவும் சன்னியும் பிறந்த குழந்தையைத் தாக்கும் வில்வாதமும் வயிற்றுப்போக்கும் இருந்தன.

பாலுக்கும் இதில் பங்குண்டு. 1936-ல் மலாயாவுக்கு வந்த ஜமைக்கா மருத்துவரான சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டப்பாப்பால் பரப்பப்படுவதைக் கண்டு கொதித்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்று பெயரிட்டார். அத்தகைய பாலை நம்பிய குழந்தை மெலியும். அதற்கு வயிறு போகும். பல் முளைக்கும் மாதத்தில் அது நேர்ந்தால், 'பல் முளைக்கிறது, அதனால் பேதி' என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். அந்த ஆறுதலில்தான் ஆபத்து இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணும்போது தேடல் நின்றுவிடுகிறது.

இந்தப் பிழை ஏன் எல்லா நாடுகளிலும் நேர்ந்தது? பாற்பற்கள் இருபது. ஆறாம் மாதம் தொடங்கி இரண்டரை வயதுக்குள் அவை முளைத்து முடிகின்றன. ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று என்று கணக்காகும்போது, இடையில் எந்த நோய் வந்தாலும் ஒரு பல் அருகில் இருந்தே தீரும். மேலும், தாயின் உடலிலிருந்து பெற்ற நோயெதிர்ப்பு ஆற்றல் ஆறாம் மாத அளவில் குறைகிறது. அப்போதுதான் குழந்தை தவழத் தொடங்குகிறது. தரையில் கிடப்பதை வாயில் இடுகிறது. தாய்ப்பாலோடு பிற உணவும் உண்கிறது. நோய் வருவதற்குரிய வாயில்கள் திறக்கும் காலமும் பல் வரும் காலமும் ஒன்றாயின. உடன் வந்தவனைக் குற்றவாளி என்று உலகம் பிடித்துக்கொண்டது.

பல்லின் விடுதலை

2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் 125 குழந்தைகளின் நிலையை நாள்தோறும் பெற்றோரைக் கொண்டு குறித்துவரச் செய்து, 475 பற்கள் முளைத்த வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். பல் வெளிவரும் நாளுக்கு முன் நான்கு நாளும் பின் மூன்று நாளுமாக எட்டு நாட்களில் கடித்தல், வாய்நீர் வடிதல், ஈற்றைத் தேய்த்தல், சிணுங்கல், விழிப்பு, திட உணவில் விருப்பக்குறைவு, உடற்சூடு சிறிது மிகுதல் ஆகியவை கூடின. கடுங்காய்ச்சல், வாந்தி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழியிலிருந்து பல் விடுதலை பெற்றது.

இவ்வறிவைக் கொண்டு பாட்டியின் வைத்தியத்தையும் நடுநிலையோடு எடைபோடலாம். சுத்தமான விரலால் ஈற்றைத் தேய்ப்பது, கடிப்பதற்கு உறுதியான பொருள் தருவது, தோளில் இட்டு உலாவுவது, தாலாட்டுவது ஆகியவை அன்றும் சரி, இன்றும் சரி. குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பதை இன்றைய மருத்துவரும் சொல்வர். ஆனால் தேனில் குழைத்தது பிழை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் வழியாகக் கொடிய நச்சுநோய் வரக்கூடும் என்பது 1976-க்குப் பின் தெளிவாயிற்று. வசம்பில் உள்ள ஒரு பொருளின் தீமை கருதி, அமெரிக்கா 1968-ல் அதனை உணவில் சேர்ப்பதைத் தடுத்தது. ஜாதிக்காயும் அளவு மிஞ்சினால் நஞ்சு. பழமையை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. மருந்துக் கடைகளில் விற்கும் 'பென்சோகெயின்' கலந்த ஈற்றுக் களிம்புகளும் குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என்று, இரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு அவற்றை விற்கலாகாதென அமெரிக்க அரசு 2018-ல் அறிவித்தது. பழையதோ புதியதோ, ஈற்றுவலிக்கென்று வாய்க்குள் போகும் எதுவும் ஐயத்துக்கு உரியதே.

மலேசியாவில் இன்று ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவை பத்துக்கும் குறைவு. பற்கள் பழையபடியே முளைக்கின்றன. ஈறு பழையபடியே கடுக்கிறது. மாறியவை நீரும் உணவும் தடுப்பூசியும் மருத்துவமனையும்தாம். பல் கொலைஞன் அல்லன் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்தார் பல்லைக் குற்றவாளியாக நிறுத்தாமல் விருந்தாளியாக வரவேற்கும் வழக்கம் ஒன்றை உடையவர்கள். அரசாங்க அலுவல்களுக்காக மலாயாவுக்குப் பெருந்தொகையாக வந்தவர்களுள் அவர்களும் உண்டு. குழந்தைக்கு முதற்பல் தோன்றியதும் பல் வடிவில் விளிம்பு கிள்ளிய கொழுக்கட்டை அவித்து, குழந்தையை அமர்த்தி, தலைமேல் சொரிவர். அதற்குப் பல்லுக்கொழுக்கட்டை என்று பெயர். பல நாள் விழித்த கண்களோடு தாய் அருகில் அமர்ந்திருப்பாள். குழந்தை கொழுக்கட்டையைக் கண்டு வாய் திறக்கும்போது அந்த வெண்முளை தெரியும். பல்லுக்கும் சிரிப்புக்கும் நம் முன்னோர் ஒரே பெயரை இட்டதன் பொருத்தம் அப்போது விளங்கும்.